ஒரே ஸ்வரம், அரை மணி நேரம்: சாக்ஸபோன் நாதம் பற்றி

(காலாண்டுப் பொதுக் கூட்டத்தைத் தொடர்ந்து கிளப் ஹவுஸில் நடந்த 'மாலை உரை' நிகழ்ச்சியில் நம் குடியிருப்பைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



போன காலாண்டு இதே இடத்தில் மாடித் தோட்டம் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய காலாண்டு சர்க்கரை நோய். இரண்டும் வீட்டுக்கு உதவுகிற விஷயங்கள். நான் சாக்ஸபோன் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது, "அதனால் நம் உறுப்பினர்களுக்கு என்ன பிரயோஜனம் சார்?" என்று செயலாளர் தயங்கினார். அடுத்த மாதம் செயற்குழுவுக்கு வரப்போகும் ஒரு தீர்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்றேன். உடனே இருபது நிமிடம் கொடுத்துவிட்டார்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். ஆனால் சின்ன வயதிலிருந்தே கேட்கப் பிடிக்கும். கோயில் வாசலில் நாதஸ்வரம், பிறகு சபா கச்சேரி, ஓய்வு பெற்ற பிறகு பேரன் கொடுத்த ஹெட்போனில் மேற்கத்திய சாஸ்திரிய இசை. இப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. ஆகவே நான் சொல்வதை ஒரு ரசிகன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வாட்ஸ்அப் குழுவில் ஜூன் மாதம் ஒரு புகார் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "சி பிளாக்கில் தினமும் மாலையில் கப்பல் சங்கு ஊதுவது போல ஒரு சத்தம். ஒரே சத்தம். அரை மணி நேரம். யாராவது கேளுங்கள்." அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய பதினேழு பேரில் நானும் ஒருவன்.

மறுநாள் லிஃப்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பிளஸ் ஒன் படிக்கிறாள். முதுகில் பெரிய கறுப்புப் பெட்டி. "சாரி அங்கிள், நான்தான் அந்தக் கப்பல்" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஏம்மா, பாட்டு எதுவும் வாசிக்காமல் ஒரே சத்தத்தையே ஊதிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டேன். "எங்கள் மாஸ்டர் ஆறு மாதமாக இதைத்தான் ஊதச் சொல்கிறார் அங்கிள். என் டோன் இன்னும் சரியில்லையாம். ஆனால் எது சரியான டோன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நீங்கள் நிறையக் கேட்பீர்களாமே, உங்களுக்கு எது பிடிக்கும்?"

மூன்றாவது மாடி வந்துவிட்டது. நான் பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்த உரை.

முதலில் வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். பெல்ஜியத்தில் தினான் என்ற ஊரில் 1814இல் பிறந்தவர் அடோல்ஃப் சாக்ஸ். வாத்தியம் செய்யும் குடும்பம். பிறகு பாரிஸுக்குப் போய்த் தொழில் நடத்தினார். பித்தளை வாத்தியங்களின் பலமும், கிளாரினெட் போன்ற ரீட் வாத்தியங்களின் நெளிவும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு குரல் வேண்டும் என்பது அவர் ஆசை. 1846இல் பிரான்சில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு வாத்தியம் இல்லை, சிறியதிலிருந்து மிகப் பெரியது வரை ஒரு குடும்பமே அதில் இருந்தது.

அது பித்தளையில் செய்யப்பட்டிருந்தாலும் ஓசை பிறப்பது ரீடில்தான். தெற்கு பிரான்சில் விளையும் ஒருவகை நாணல்தண்டைச் சீவிச் செய்த மெல்லிய தகடு அது. நம் நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி. சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அதிரும். சாக்ஸபோனில் ஒரே தகடு, மவுத்பீஸ் என்ற வாய்ப்பகுதியின்மேல் அதிரும். நாதஸ்வரக் குழல் மேலே குறுகி, கீழே போகப் போக அகலும். சாக்ஸபோன் குழாயும் அப்படியே கூம்புதான். அதனால்தான் இரண்டிலும் அழுத்தி ஊதினால் அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி கேட்கிறது. கிளாரினெட் நேரான உருளை. அதில் அழுத்தி ஊதினால் 'சா'வுக்கு மேல் ஸ்தாயி 'பா' வரும். ஆக, பார்வைக்கு அந்நியமாக இருந்தாலும் நம் ஊர் நாயனத்துக்குச் சாக்ஸபோன் ஒருவகையில் தூரத்து உறவு.

வாத்தியத்துக்குக் காப்புரிமை கிடைப்பதற்கு முன்பே அதைப் புகழ்ந்து எழுதியவர் உண்டு. இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1842இலேயே பாரிஸ் பத்திரிகையில் எழுதினார். 1857இல் பாரிஸ் கன்சர்வேட்வாரில், அதாவது அரசு இசைக் கல்லூரியில், ராணுவ இசைக்காரர்களுக்காக ஒரு சாக்ஸபோன் வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் சாக்ஸேதான். 1870இல் பிரஷ்யாவுடன் போர் வந்தது. வகுப்பு மூடப்பட்டது. மறுபடி அந்த வகுப்பு திறந்தது எப்போது தெரியுமா? 1942இல். எழுபத்திரண்டு வருடம் கழித்து. சாக்ஸ் 1894இலேயே வறுமையில் இறந்துபோனார்.

இந்த எழுபத்திரண்டு வருட இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயலினுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குரு, சீடர், பாணி உண்டு. "நல்ல வயலின் நாதம் இப்படி இருக்கும்" என்று சொல்ல ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். சாக்ஸபோனோ, பிறந்த வீட்டில் இடமில்லாமல் ராணுவ பேண்டிலும் நடன அரங்கிலும் வளர்ந்த பிள்ளை. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் அதற்கு நிரந்தர நாற்காலி கிடையாது. பிசே 1872இல் ஒரு நாடகத்துக்கு எழுதிய இசையில் ஓர் அழகான இடம் கொடுத்தார். ராவேல் 1928இல் 'பொலேரோ'வில் கொடுத்தார். இப்படி எப்போதாவது விருந்தாளியாகக் கூப்பிடுவார்கள். ஜாஸ்காரர்கள் அதைத் தத்தெடுத்துத் தங்கள் பாஷையைக் கற்றுக்கொடுத்தார்கள், அது தனிக் கதை. ஆனால் சாஸ்திரிய இசையில் "சாக்ஸபோனின் சரியான குரல் எது?" என்று கேட்டால் பதில் சொல்ல மூத்தவர் யாரும் இல்லை.

அப்போதுதான் இரண்டு பேர் வருகிறார்கள்.

ஒருவர் மார்செல் மியூல். 1901இல் பிரான்சில் நார்மண்டிப் பகுதியில் பிறந்தவர். அப்பாவிடமே வாத்தியம் கற்றார். ராணுவச் சேவைக்காகப் பாரிஸ் வந்து, 1923இல் கார்த் ரிபப்ளிக்கேன் என்ற புகழ்பெற்ற அரசு பேண்டில் சேர்ந்தார். மாலையில் நடன இசைக் குழுக்களிலும் வாசித்தார். அங்கே ஜாஸ் வாசிப்பவர்கள் நீண்ட ஸ்வரத்தில் ஓர் அலைவைக் கொண்டுவருவதைக் கேட்டார். வைப்ரேட்டோ என்பார்கள். தாடையை மெல்ல அசைத்து, ஸ்வரத்தை ஒரு இழை மேலும் கீழுமாக அலையவிடுவது. நடன அரங்கில் அது கொஞ்சம் குழைவாக, கொஞ்சம் மலிவாகவும் இருந்தது. மியூல் அதை எடுத்துச் சலவை செய்து, அளவு போட்டு, சாஸ்திரிய மேடைக்குக் கொண்டுவந்தார். விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து அலை. மாணவர்களுக்கு அதைத் தாளம் வைத்து எண்ணிப் பழகச் சொல்லிக்கொடுத்தார். 1942இல் திறந்த அந்தக் கன்சர்வேட்வார் வகுப்பின் ஆசிரியர் இவர்தான். 1968 வரை இருந்தார். இன்று உலகம் முழுக்கக் கேட்கும் 'பிரெஞ்சுப் பாணி' பெரும்பாலும் அந்த வகுப்பறையிலிருந்து கிளம்பியது.

இன்னொருவர் சிகுர்ட் ராஷர். 1907இல் ஜெர்மனியில் பிறந்தவர். கிளாரினெட் படித்தவர், வருமானத்துக்காக நடனக் குழுவில் சாக்ஸபோனைக் கையில் எடுத்தார். பிறகு அதிலேயே மூழ்கிப்போனார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி, டென்மார்க், ஸ்வீடன், 1939இல் அமெரிக்கா என்று போனார். அவருடைய பிடிவாதம் வேறு மாதிரி. வாத்தியத்தைப் படைத்த சாக்ஸ் மவுத்பீஸின் உட்புறத்தைப் பெரிதாக, உருண்டையாக வைத்திருந்தார். காலப்போக்கில் அந்த உள்ளறையைக் குறுக்கி ஓசையைக் கூர்மையாக்கிவிட்டார்கள். இது தவறு, சாக்ஸ் நினைத்த குரல் மென்மையானது, வட்டமானது, அதற்குத் திரும்ப வேண்டும் என்றார் ராஷர். இன்னொரு விஷயம், வாத்தியத்தின் வழக்கமான எல்லை இரண்டரை ஸ்தாயி. ராஷர் அதற்கு மேலேயும் ஏறி நான்கு ஸ்தாயி வரை வாசித்துக் காட்டினார். அதற்கான பயிற்சிப் புத்தகத்தை 1941இல் வெளியிட்டார்.

இந்த இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பாட்டு மாட்டிக்கொண்டது. பிரெஞ்சு இசையமைப்பாளர் இபேர் 1935இல் 'கான்செர்ட்டினோ த காமெரா' என்ற படைப்பை ராஷருக்காக எழுதினார். அதில் அந்த உயர எல்லையைத் தாண்டும் இடங்கள் உண்டு. அதே படைப்பை மியூல் எடுத்து வாசித்தார், இசைத்தட்டிலும் பதிந்தார். மியூலுக்கு அந்த உச்சஸ்தாயி வித்தையில் நாட்டமில்லை. அந்த இடங்களைக் கீழ் ஸ்தாயியிலேயே வாசித்தார். ஒரே பாட்டு, இரண்டு தர்மம். "எழுதியதை வாசிக்காவிட்டால் எப்படி?" என்று ஒரு கட்சி. "கீச்சென்று கேட்கும் உயரத்தைவிட, அழகாக ஒலிக்கும் இடம் மேல்" என்று மறு கட்சி. அந்த வாக்குவாதம் சீடர்கள், சீடர்களின் சீடர்கள் என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ராஷர் 2001 பிப்ரவரியில் காலமானார். மியூல் அதே 2001 டிசம்பரில், நூறு வயதில். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் போனார்கள், சண்டை மட்டும் தங்கிவிட்டது.

இதெல்லாம் தெரிந்ததும் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அவள் தன் மாஸ்டரிடமிருந்து உருண்டை உள்ளறை கொண்ட ஒரு பழைய மவுத்பீஸை இரவல் வாங்கி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே கிளப் ஹவுஸில் நாங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம். அவளைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்தோம். ஒரே ஸ்வரம், ஒரே வாத்தியம், மவுத்பீஸ் மட்டும் மாற்றி ஊதினாள். ஏழு பேர் முதலாவது நன்றாக இருந்தது என்றார்கள், ஐந்து பேர் இரண்டாவது. முதலாவது கூர்மையான நவீன மவுத்பீஸ். "தெளிவாக இருந்தது, நெஞ்சில் பட்டது" என்றார் ஏ பிளாக் பாட்டி. "இரண்டாவது வெல்லப்பாகு மாதிரி" என்றார் பி பிளாக் டாக்டர். அதற்குப் பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். எங்களிடம் சொல்லாமல், இரண்டு முறையும் ஒரே மவுத்பீஸில் ஊதினாள். முதல் தடவை தொண்டையை இறுக்கி, மறு தடவை திறந்து. அந்த இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் மவுத்பீஸ் மாற்றியதைவிடப் பெரிதாகக் கேட்டது. பன்னிரண்டு பேருமே வேறு மவுத்பீஸ் என்று நினைத்தோம்.

எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. முலாம் தங்கமா வெள்ளியா, எந்த கம்பெனி, என்ன விலை என்று பேசுகிறோமே, அதெல்லாம் கடைசியில் வருவது. முதலில் மூச்சு, தொண்டை, உதடு. பிறகு ரீடும் மவுத்பீஸும். அதற்கப்புறம்தான் பித்தளை. பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கப்போகும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பணம் மிச்சமாகும்.

இந்தக் கட்டத்தில் என் ஏ பிளாக் நண்பர் பொறுமை இழந்துவிட்டார். தினமும் என்னோடு நடைப்பயிற்சிக்கு வருபவர். "சார், பிரான்சும் ஜெர்மனியும் சண்டை போட்டது இருக்கட்டும். நம்ம கத்ரியை விட்டுவிட்டு என்ன சாக்ஸபோன் பேச்சு?" என்றார். நியாயமான கேள்வி.

கத்ரி கோபால்நாத் 1949இல் தென் கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா நாதஸ்வர வித்வான். சின்ன வயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிப்போனார். மங்களூரில் அடிப்படை கற்று, பிறகு சென்னைக்கு வந்து டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். அவருக்கு இருந்த சிக்கல், மியூலுக்கோ ராஷருக்கோ இல்லாத சிக்கல். நாதஸ்வரத்தில் துளையை விரலே மூடுகிறது. விரலை ஒரு நெல்முனை நகர்த்தினால் ஸ்வரம் வழுக்கும், கமகம் வரும். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் ஒரு சாவி, அதன் அடியில் ஒரு திண்டு. திறந்தால் ஒரு ஸ்வரம், மூடினால் இன்னொன்று. நடுவில் ஒன்றுமில்லை என்ற கணக்கில் செய்த வாத்தியம். அதில் தோடியை எப்படி வாசிப்பது? கத்ரி வாத்தியத்தில் சில மாற்றங்கள் செய்தார், உதட்டையும் மூச்சையும் வருடக்கணக்கில் பழக்கினார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். அதே வருடம் வந்த 'டூயட்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் அவருடைய சாக்ஸபோன் தமிழ்நாட்டின் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது. 2004இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மறைந்தார்.

நம் ஊரிலும் ஒரு புது வாத்தியம் வந்தால் "இது சாஸ்திரிய சங்கீதத்துக்கு ஒத்துவருமா?" என்ற கேள்வி வரும். வயலினை பாலுஸ்வாமி தீட்சிதர் கையில் எடுத்த காலம் தொட்டு நாம் பழகிய கேள்வி இது. ஹார்மோனியத்தில் கமகம் வராது என்ற வாதத்தில் 1940இல் அகில இந்திய வானொலி அதை ஒதுக்கியே வைத்தது, தடை தளர மூன்று பதிற்றாண்டு ஆயிற்று. கேட்ட கேள்வி தவறு என்று நான் சொல்லமாட்டேன். கேட்டதால்தான் வாசிப்பவர் பதில் தேடினார்.

என் நண்பரின் வாதம் இதுதான். "கத்ரி வாசித்தால் ஸ்வரத்துக்கு உயிர் இருக்கிறது, அசைகிறது. உங்கள் பிரெஞ்சுக்காரர் ஒரே வேகத்தில் நடுங்குகிறார், உங்கள் ஜெர்மன்காரர் பளிங்கு மாதிரி நிற்கிறார்." நான் சொன்னேன்: "சார், அசைவும் ஒன்றில்லை. கமகம் ராகத்தின் அங்கம். எந்த ஸ்வரத்தில், எவ்வளவு, எங்கிருந்து எங்கே என்று ராகம் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் ராகமே போய்விடும். வைப்ரேட்டோ நாதத்தின் மேல் பூசுகிற மெருகு. எடுத்துவிட்டால் பாட்டு அப்படியே இருக்கும், நிறம்தான் மாறும். மேற்கத்திய வாசிப்பில் கமகத்தைத் தேடுவது, பொங்கலில் புளிப்பு தேடுவது மாதிரி." அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். எது சரியான டோன்? அவரவர் ருசி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது அவளுக்கு உதவாது. இத்தனை மாதம் கேட்டதில் எனக்கு மூன்று விஷயம் தோன்றுகிறது. ஸ்வரம் தொடங்கும்போது காற்றுச் சத்தமோ கரகரப்போ இல்லாமல், நினைத்த இடத்தில் நினைத்தபடி தொடங்குகிறதா? நடுவில் சுருதி சாயாமல், ஓசை மெலியாமல் நிற்கிறதா? முடியும்போது அறுந்து விழாமல், வாசிப்பவர் விட்ட இடத்தில் முடிகிறதா? மியூல், ராஷர், கத்ரி மூன்று பேரின் பதிவையும் கேளுங்கள். நிறம் வேறு வேறு. இந்த மூன்றிலும் மூவரும் ஒன்று. ருசி என்பது இதற்கு மேலே கட்டுகிற மாடி.

வைப்ரேட்டோ பற்றி அவளுக்குக் குழப்பம் இருந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்கிறார் மாஸ்டர், எல்லோரும் போடுகிறார்களே என்கிறாள் இவள். நான் மாஸ்டர் கட்சி. நேராக நிற்கத் தெரியாத ஸ்வரத்தை அலையவிட்டால், அந்த அலை தடுமாற்றத்தை மூடும் போர்வையாகிவிடும். மியூலே அலையைத் தாளம் வைத்து எண்ணச் சொன்னாரென்றால், அது கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றுதானே பொருள்? நம் பாடகர்கள் விடியற்காலையில் மந்திர ஸ்தாயியில் கார்வை பிடித்துச் சாதகம் செய்வதும் இதற்குத்தான்.

ஆக, ஜூன் மாதத்தில் நமக்குக் கப்பல் சங்காகக் கேட்டது அவளுடைய சாதகம். பாட்டை நாம் மேடையில் கேட்கிறோம், கைதட்டுகிறோம். அந்தப் பாட்டுக்கு விலையாகக் கொடுக்கும் அரை மணி நேர ஒற்றை ஸ்வரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தத் தீர்மானம். "குடியிருப்பு வளாகத்தில் ஊதுகருவிகளும் மேளங்களும் வாசிக்கத் தடை" என்பது முன்மொழிவு. இதை எதிர்க்கத்தான் வந்தேன் என்றாலும், புகார் கொடுத்தவர் பக்க நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. அவர் செவிலியர். ராத்திரி டியூட்டி முடிந்து பகலில் தூங்கி, மாலை ஆறரைக்கு எழுந்து மறுபடி கிளம்புகிறவர். ஐந்து மணிக்கு மேலே கப்பல் ஊதினால் அவருக்கு அது கலையில்லை, தூக்கம் போச்சு. நோயாளிகளைப் பார்க்கப் போகிறவருக்குத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டப்படியும், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்றுதான் அளவு வைத்திருக்கிறார்கள். அடுத்த அறையில் சாக்ஸபோன் அதைச் சுலபமாகத் தாண்டும்.

"வாயில் துணியை அடைத்து ஊதச் சொல்லுங்களேன்" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். டிரம்பெட்டுக்கு அது சரி. அதில் ஓசை முழுக்க முன்வாய் வழியாகத்தான் வருகிறது. சாக்ஸபோனில் திறந்திருக்கும் துளைகள் வழியாகவெல்லாம் ஓசை வெளியேறும். முன்வாயை அடைத்தால் அடி ஸ்வரங்கள் கெட்டுப்போகும், மற்றவை அப்படியே கேட்கும். ஆகவே வாத்தியத்தை அடைப்பதில் பயனில்லை, இடத்தையும் நேரத்தையும்தான் மாற்ற வேண்டும்.

நான் இரண்டு வீட்டாரோடும் பேசினேன். என் வீட்டில் காபி வைத்து ஒன்றாக உட்கார வைத்தேன். அவர்களே பேசி முடிவு செய்தது இது: வாரநாட்களில் பயிற்சி மாலை ஆறே முக்காலிலிருந்து எட்டு வரை. செவிலியருக்குப் பகல் டியூட்டி வரும் வாரங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுவார், அப்போது அவர் வீடு திரும்பும் முன் ஐந்து மணிக்கே முடித்துக்கொள்ளலாம். வீட்டில் ஊதும்போது ஜன்னல் மூடி, துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து அதைப் பார்த்து ஊத வேண்டும். துணி ஓசையை நன்றாக உறிஞ்சும். பொதுத்தேர்வு மாதத்தில் வீட்டில் பயிற்சி இல்லை.

செயற்குழுவிடம் என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, தடைத் தீர்மானத்தை விலக்கிக்கொண்டு, இந்த ஏற்பாட்டையே எல்லா வாத்தியத்துக்கும் பொதுவான நேர விதியாக வைக்கலாம். டி பிளாக்கில் மிருதங்கம் கற்கும் தம்பிக்கும் அது உதவும். இரண்டு, அடித்தளத்தில் பழைய நாற்காலிகள் அடைந்து கிடக்கும் அந்த அறையைக் காலி செய்து, கதவுக்கு ரப்பர் பட்டை போட்டு, பயிற்சி அறையாகத் தரலாம். நாற்காலிகளை எடுக்க ஆள் வேண்டும் என்றால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தூக்க முடியாவிட்டாலும் மேற்பார்வை பார்ப்பேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு, 'பொலேரோ'வைக் கேளுங்கள். ஒரே மெட்டு ஒவ்வொரு வாத்தியமாகக் கைமாறிப் போகும். பாதி தூரத்தில் இரண்டு சாக்ஸபோன் ஒன்றன்பின் ஒன்றாக வரும், முதலில் கனமானது, பிறகு சின்னது. அதற்குப் பிறகு மியூல் வாசித்த இபேர், ராஷரின் ஏதாவது ஒரு பதிவு, கடைசியாகக் கத்ரி. எது பிடித்தது என்று என்னை நடைப்பயிற்சியில் பார்க்கும்போது சொல்லுங்கள். என் நண்பரிடம் சொல்ல வேண்டாம், அவர் ஏற்கெனவே ஓட்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் மாடிப்படியில் ஏறும்போது சி பிளாக்கிலிருந்து அந்த ஸ்வரம் கேட்டது. நின்று எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு விநாடி. ஜூனில் எட்டு விநாடிக்கு மேல் நின்றதில்லை. முடிவில் லேசாக ஒரு நடுக்கம் இருந்தது. அது வைப்ரேட்டோ இல்லை, மூச்சு தீர்ந்துபோனது. பொங்கல் விழாவுக்குள் அதுவும் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அன்று அவள் இதே மேடையில் வாசிப்பதாகச் சம்மதித்திருக்கிறாள். கீழ்வீட்டுச் செவிலியரும் அன்று விடுமுறை கேட்டிருக்கிறார்.

பஜ்ஜி ஆறிவிடும் என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.